மறுமுனையில் இருந்தவரின் கணக்கு

பிப்ரவரி 7 வந்தால் போதும், கும்ப்ளேயின் 10/74 (74 ரன் கொடுத்து 10 விக்கெட்) கார்டு டைம்லைன் முழுக்க ஓடும். ஜூலைக் கடைசியில் ஜிம் லேக்கரின் 19 விக்கெட். ஆகஸ்ட் 14-க்கு பிராட்மேனின் டெஸ்ட் சராசரி 99.94. எனக்கும் இந்தப் புள்ளிவிவரப் பைத்தியம் உண்டு, லைக் போட்டுவிட்டுத்தான் நகர்வேன். ஆனாலும் ஒரு மனக்குறை. ஸ்கோர்கார்டிலிருந்து ஒரே ஒரு வரியை வெட்டி எடுத்து போஸ்டர் அடித்துவிடுகிறோம். தூக்கிவாரிப் போடும் கணக்கு பெரும்பாலும் அதற்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது.

லேக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956, ஓல்டு டிராஃபோர்டு, எதிரணி ஆஸ்திரேலியா. முதல் இன்னிங்ஸில் 37 ரன்னுக்கு 9, இரண்டாவதில் 53 ரன்னுக்கு 10. டெஸ்ட் கிரிக்கெட்டில் இன்றுவரை யாரும் நெருங்காத சாதனை. மீதி ஒரு விக்கெட் யாருக்குப் போனது? டோனி லாக் என்ற இடதுகை சுழற்பந்து வீச்சாளருக்கு. இப்போது இருவரின் ஓவர்களையும் கூட்டிப் பாருங்கள். லேக்கர் வீசியது மொத்தம் 68 ஓவர். லாக் வீசியது 69! அதே பிட்ச், அதே பேட்ஸ்மேன்கள், ஒரு ஓவர் கூடுதல். கிடைத்ததோ ஜிம் பர்க் என்ற ஒரே ஒரு விக்கெட்.

லாக் சாதாரண ஆளா? முதல்தரக் கிரிக்கெட்டில் 2844 விக்கெட் எடுத்தவர். லேக்கரே 1944-தான். அந்த 69 ஓவரில் அவர் கொடுத்தது 106 ரன். ஓவருக்கு ஒன்றரை ரன். யாராலும் அவரை அடிக்க முடியவில்லை, அவராலும் யாரையும் அவுட்டாக்க முடியவில்லை. ஒருபக்கம் விக்கெட் கொத்துக் கொத்தாக விழ, இந்தப் பக்கம் வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறார். என்னைக் கேட்டால் 19-ஐ விட அந்த 1-தான் நம்ப முடியாத எண்.

டெல்லி கோட்லாவில் 1999-ல் நடந்தது இதற்கு நேர்மாறு. பாகிஸ்தானுக்கு இலக்கு 420. விக்கெட் இழக்காமல் 101 வரை போனவர்கள் 207-க்குச் சுருண்டார்கள். கும்ப்ளே ஒன்பது எடுத்து முடித்த பிறகு மறுமுனையில் ஸ்ரீநாத். ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு அதைவிடக் கொடுமையான ஓவர் இருக்குமா தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க விக்கெட் எடுக்கப் பழகிய கை, பத்தாவதும் கும்ப்ளேவுக்கே போக வேண்டும் என்பதால் அன்றைக்கு யாரையும் தப்பித் தவறிக்கூட அவுட்டாக்கிவிடக் கூடாது! பேட்டுக்கு எட்டாத தூரத்தில், அம்பயர் வைடு கொடுக்கும் அளவுக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போட்டார். அடுத்த கும்ப்ளே ஓவரில் வாசிம் அக்ரம் அடித்ததை லக்ஷ்மண் பிடித்தார், கதை முடிந்தது. ஜெயிப்பது உறுதியாகிவிட்ட மேட்ச் என்பதால் இந்தத் தியாகம் செல்லுபடியானது. பத்து ரன் இடைவெளியில் இருந்திருந்தால் ஸ்ரீநாத்தை நாமே திட்டித் தீர்த்திருப்போம்.

அதே ஸ்கோர்கார்டில் இன்னொரு வரி. நம்ம சென்னைப் பையன் சடகோபன் ரமேஷ், 60 மற்றும் 96. அது அவருக்கு இரண்டாவது டெஸ்ட்தான். பாகிஸ்தானுக்கு எதிராக வாசிமையும் வக்காரையும் சக்லைனையும் சமாளித்து 156 ரன். எந்தக் கார்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?

லாக்குக்கு வேண்டியது கிடைக்கவில்லை, ஸ்ரீநாத் வேண்டாம் என்றே போட்டார். இலங்கையின் சமிந்த வாஸின் கதை மூன்றாவது ரகம். 2002, கண்டி, ஜிம்பாப்வேக்கு எதிராக சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் 51 ரன்னுக்கு 9. பத்தாவதும் கிடைத்திருக்கும், ஷார்ட் லெக்கில் ரசல் ஆர்னால்ட் ஒரு கேட்சைக் கோட்டைவிட்டார். பிறகு வாஸ் பந்தில் ஒலோங்கா விக்கெட் கீப்பரிடம் கேட்ச். பக்கத்தில் நின்றவர்கள் முழுமனதோடு அப்பீல்கூடச் செய்யவில்லை, பந்துதான் பேட்டில் பட்டுவிட்டதே. டெஸ்டில் 355 விக்கெட் எடுத்த வாஸுக்கு, அவற்றில் யாருமே கொண்டாடாத விக்கெட் இதுவாகத்தான் இருக்கும்.

முரளியின் 800-வது டெஸ்ட் விக்கெட்டுக்கும் இதே ஆபத்து வந்தது. 2010, காலி, கடைசி டெஸ்ட் என்று அறிவித்துவிட்டு 792-ல் இறங்கினார். 799 வந்தாயிற்று. இந்தியாவின் ஒன்பதாவது விக்கெட்டாக லக்ஷ்மண் ரன் அவுட். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, அதை மலிங்க எடுத்துவிட்டால் முரளி காலம் முழுக்க 799. இஷாந்தும் ஓஜாவும் வேறு போகமாட்டேன் என்று நின்றார்கள். கடைசியில் ஓஜாவின் எட்ஜ், ஸ்லிப்பில் மஹேல ஜயவர்தன. முரளி பந்தில் மஹேல பிடித்த டெஸ்ட் கேட்ச்கள் மட்டும் 77. விக்கெட் கீப்பர் அல்லாத எந்த ஃபீல்டருக்கும் ஒரே பவுலரோடு இப்படி ஒரு கணக்கு இல்லை. 800 என்று எழுதுகிறவர்கள் 77-ஐயும் ஓரமாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1964 ஜனவரி, சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியம், இன்றைய நேரு ஸ்டேடியம் இருக்கும் இடம். இங்கிலாந்துக்கு எதிராக பாபு நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் (ரன்னே போகாத ஓவர்), 131 பந்து ரன்னே இல்லை. 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் பூஜ்யம். காசை பிட்சில் வைத்து அதன்மேல் பந்தைப் போட்டுப் பழகியவர் என்பார்கள். பார்க்கப் போனவர்களுக்குப் பொறுமை எல்லை தாண்டியிருக்கும், அதை மறுக்கவில்லை. சரி, விக்கெட் எடுக்காத பந்துவீச்சால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் அதே இன்னிங்ஸில் சந்து போர்டேயின் கணக்கைப் பார்க்கவும்: 88 ரன்னுக்கு 5 விக்கெட். அவருடைய டெஸ்ட் வாழ்க்கையிலேயே அதுதான் சிறந்த பந்துவீச்சு. ஒரு பக்கம் கதவைச் சாத்தினால் ஆள் இன்னொரு பக்கம்தானே ஓடுவான்! அந்த ஐந்தில் பாதி நட்கர்னிக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி.

சேப்பாக்கம், 1988. பத்தொன்பது வயது நரேந்திர ஹிர்வானி, கண்ணாடி போட்ட பையன், அறிமுக டெஸ்டிலேயே வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 136 ரன்னுக்கு 16 விக்கெட். 1972-ல் லார்ட்ஸில் பாப் மாஸி 137-க்கு 16 எடுத்ததை ஒரே ரன்னில் தாண்டினார். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மேட்சில் விக்கெட் கீப்பர் கிரண் மோரே செய்த ஸ்டம்பிங் ஆறு, அதில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து. இரண்டுமே டெஸ்ட் சாதனை. பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பேட்ஸ்மேனுக்கே தெரியாத அந்த பிட்சில், அவருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அவர் இறங்கி வந்து கோட்டைவிட்ட பந்தைப் பிடித்து பெய்ல்ஸைத் தட்டுவது சாமானிய வேலை இல்லை.

பிராட்மேன் கதை இன்னும் வேடிக்கை. 1948 ஓவல், நான்கு ரன் எடுத்திருந்தால் சராசரி 100. இரண்டாவது பந்திலேயே எரிக் ஹாலிஸின் கூக்ளியில் போல்டு. அப்போது நான்-ஸ்ட்ரைக்கராக நின்ற ஆர்தர் மாரிஸ் அந்த இன்னிங்ஸில் எடுத்தது 196. டக் அவுட் உலகப் புகழ், 196 ஊருக்கே தெரியாது. ஹாலிஸும் லேசுப்பட்டவர் இல்லை. முதல்தரக் கிரிக்கெட்டில் அவர் எடுத்த விக்கெட் 2323, அடித்த ரன் 1673!

அடிவாங்கியவர்கள் பக்கமும் ஒரு நியாயம் வேண்டும். 1968-ல் ஸ்வான்சியில் சோபர்ஸிடம் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் வாங்கிய மால்கம் நாஷ், வழக்கமான மித வேகத்தை விட்டு அன்றைக்கு ஸ்லோ போட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டார். ஐந்தாவது பந்தை ரோஜர் டேவிஸ் எல்லைக்கோட்டில் பிடித்தே விட்டார், பிடித்த கையோடு வெளியே விழுந்தார், அதுவும் சிக்ஸர். அதே நாஷ் 993 முதல்தர விக்கெட் எடுத்தவர். ஸ்டூவர்ட் பிராட் இன்னும் ஒரு படி மேல். 2007-ல் யுவராஜிடம் ஆறு சிக்ஸர், 2022-ல் பும்ரா ஆடிய ஓவரில் 35 ரன், டெஸ்ட் வரலாற்றிலேயே அதிக ரன் போன ஓவர். அதே இன்னிங்ஸில்தான் அவருடைய 550-வது டெஸ்ட் விக்கெட்டும் வந்தது. 604-ல் ஓய்வு பெற்றார். கடைசியாகச் சந்தித்த பந்தில் சிக்ஸர், கடைசியாக வீசிய பந்தில் விக்கெட். இவரை "யுவராஜிடம் அடிவாங்கியவர்" என்று மட்டும் கார்டு போடுகிறவர்களை என்ன சொல்ல?

1986 சேப்பாக்கம் டை (இந்தியா, ஆஸ்திரேலியா ஸ்கோர் சமமாகி முடிந்த டெஸ்ட்) பற்றி இங்கே கமென்ட்டில் ஆரம்பித்துவிடாதீர்கள். கடைசி ஓவரில் நான்கு ரன் தேவை, சாஸ்திரி ஒரு இரண்டும் ஒரு சிங்கிளும் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு மறுமுனைக்குப் போனார், கடைசி ஆளான மணிந்தர் ஐந்தாவது பந்தில் எல்பிடபிள்யூ. அந்த சிங்கிளை ஓடியது சரியா தப்பா என்பதற்குத் தனிப் பதிவே வேண்டும். நான் சரி என்ற கட்சி, சண்டைக்கு வருகிறவர்கள் அதில் வரலாம்.