கவசம் வந்தது, மர்ஃபி வரவில்லை

ரோபோகாப் இரண்டாம் பாகத்தை 'மொக்கை' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெறும் மொக்கையாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அதை இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர். ஸ்டார் வார்ஸின் இரண்டாம் பாகத்தை எடுத்து, தொடர்ச்சிப் படம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டியவர். எழுதியவர் காமிக்ஸ் உலகத்தில் கொடி கட்டிப் பறந்த ஃபிராங்க் மில்லர். முதல் பாகத்தில் நடித்த அதே பீட்டர் வெல்லர், அதே நான்சி ஆலன், இயந்திரங்களை அசைய வைத்த அதே ஃபில் டிப்பெட். இத்தனை பேர் இருந்தும் படம் ஏன் கையை விட்டுப் போனது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

முதல் படத்திலிருந்து தொடங்க வேண்டும். 1987இல் பால் வெர்ஹோவன் எடுத்த ரோபோகாப் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கவசமும், தொடையைத் திறந்து எடுக்கும் துப்பாக்கியும்தான். எனக்கு முதலில் வருவது காலி வீடு. டெட்ராய்ட் போலீஸ்காரன் அலெக்ஸ் மர்ஃபியை ஒரு ரவுடிக் கும்பல் சித்திரவதை செய்து கொல்கிறது. ஓசிபி என்ற நிறுவனம் மிச்ச உடம்பை எடுத்து இயந்திரமாக்கி, நினைவுகளை அழித்துத் தெருவில் இறக்கிவிடுகிறது. ஒருநாள் அவன் தன் பழைய முகவரியைத் தேடிப் போகிறான். குடும்பம் எப்போதோ காலி செய்துவிட்டது, வீடு விற்பனைக்கு. உள்ளே இருக்கும் திரைகளில் ஒரு ரியல் எஸ்டேட் விற்பனையாளர் சிரித்த முகத்தோடு வீட்டின் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மர்ஃபி அறை அறையாக நடக்கிறான். ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டு ஞாபகம் வந்து போகிறது. டிவியில் வரும் ஹீரோ மாதிரி துப்பாக்கியை விரலில் சுழற்றி உறையில் போட முடியுமா என்று மகன் கேட்கிறான். மனைவி ஏதோ சொல்ல வருகிறாள். கடைசியில் அவன் அந்த விற்பனையாளர் பேசும் திரையை ஒரே குத்தில் உடைத்துவிட்டு வெளியேறுகிறான். ஆக்‌ஷன் படங்களில் எத்தனையோ குத்துகள் பார்த்திருப்போம். வில்லன் யாரும் இல்லாத இடத்தில் விழுகிற இந்த ஒரு குத்துக்கு இணையாக எதையும் நான் பார்த்ததில்லை.

பின்னால் பாழடைந்த ஆலையில் அவன் ஹெல்மெட்டைக் கழற்றும் காட்சியும் அப்படித்தான். அவனுக்குச் சாப்பாடு குழந்தை உணவுக் கூழ். அதை அவனோடு ரோந்து போன போலீஸ்காரி லூயிஸ் (நான்சி ஆலன்) புட்டி புட்டியாகக் கொண்டு வருகிறாள். குறி பார்க்கும் அமைப்பு பழுதாகிப் போனதால் அவள் கையைப் பிடித்துத் திருத்தித் திருத்தி வழிகாட்ட, அவன் அதே புட்டிகளைச் சுட்டுப் பழகுகிறான். மனைவியையும் மகனையும் உணர முடிகிறது, ஆனால் நினைவில் இல்லை என்று அவளிடம் சொல்கிறான். பீட்டர் வெல்லருக்கு அங்கே வெறும் முகம்தான் மிச்சம். அந்த முகமே போதுமானதாக இருக்கிறது.

அந்த நடிப்பு சும்மா வந்துவிடவில்லை. மைம் எனப்படும் பேசா நடிப்பைக் கற்றுத்தரும் மோனி யாக்கிமிடம் வெல்லர் முன்கூட்டியே அசைவுகளைப் பழகியிருந்தார். ராப் பாட்டின் செய்த கவசம் தாமதமாக வந்து சேர்ந்தபோது, அத்தனை எடையோடு பழகியது எதுவும் எடுபடவில்லை. வேலையை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து பழகினார்கள். முதலில் தலை திரும்பும், பிறகுதான் உடல் திரும்பும் என்ற அந்த நிதானம் அப்படிப் பிறந்தது. கவசத்தோடு காருக்குள் உட்கார முடியாததால், இடுப்புக்குக் கீழே கவசம் இல்லாமல் உட்கார வைத்துத்தான் கார் காட்சிகளை எடுத்தார்கள். அதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தாலும் திரையில் எனக்கு இயந்திரம்தான் தெரிகிறது.

படத்தின் முடிவில் கம்பெனி முதலாளி அவனிடம் பெயர் கேட்கிறார். "மர்ஃபி" என்கிறான். சட்டென்று படம் முடிகிறது. பறித்துக்கொண்டதை அவன் திரும்ப எடுத்துக்கொண்டான், கதை அங்கே முழுமையாகிவிட்டது. அடுத்த பாகம் எடுப்பவர்களுக்கு இதுதான் சவால். பெயர் கிடைத்த பிறகு அந்த மனிதன் எப்படி வாழ்வான்? மனைவி என்ன ஆனாள், மகன் என்ன ஆனான்?

முதல் படத்தை எழுதிய எட்வர்ட் நியூமேயரும் மைக்கேல் மைனரும் இரண்டாம் பாகத்துக்கும் எழுதத் தொடங்கினார்கள். 1988இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வந்தது, அவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். ஸ்டுடியோ காத்திருக்காமல் மில்லரிடம் போனது. அவர் எழுதியதும் அப்படியே படமாகவில்லை, வாலன் கிரீன் கைவைத்து மாற்றினார். வெர்ஹோவன் வேறு படத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாம் பாகம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு காட்சி வரும். மனைவியின் வீட்டுப் பக்கம் மர்ஃபி அடிக்கடி காரில் போகிறான் என்பது கம்பெனிக்குத் தெரிந்துவிடுகிறது. உன்னால் அவளுக்குக் கணவனாக இருக்க முடியுமா, ஒரு மனிதனின் அன்பைத் தர முடியுமா என்று கேட்டுக் கேட்டே அவனை உடைக்கிறார்கள். பிறகு மனைவியை எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவள் கண்ணில் நம்பிக்கை. அவன் தன் முகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறான். தொடுகிறாள், சில்லென்று இருக்கிறது. உன் கணவனைக் கௌரவிக்க இந்த முகத்தைச் செய்தார்கள், அவன் இறந்துவிட்டான், உன்னை எனக்குத் தெரியாது என்கிறான். அவளுக்காகத்தான் பொய் சொல்கிறான் என்பது நமக்குத் தெரியும். முதல் படத்துக்குச் சமமான காட்சி இது, சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு படம் அந்தப் பெண்ணை அப்படியே மறந்துவிடுகிறது. கம்பெனிக்கு எப்படி அவள் ஒரு தொந்தரவோ, திரைக்கதைக்கும் அப்படித்தான் ஆகிவிட்டாள். பேசி முடித்து அனுப்பியாகிவிட்டது, இனி சண்டைக்குப் போகலாம்!

அப்புறம் என்ன வருகிறது? நியூக் என்ற போதை மருந்து, அதை விற்கும் கேய்ன், அவனோடு கெட்ட வார்த்தை பேசிக்கொண்டு திரியும் ஒரு சின்னப் பையன். மர்ஃபியைப் பிரித்துப் போடுகிறார்கள். மறுபடி பூட்டி, நூற்றுக்கணக்கான நல்லொழுக்க விதிகளைத் தலையில் ஏற்றுகிறார்கள். பிணத்துக்கு உரிமைகளை வாசித்துக் காட்டும் நிலைக்கு வந்துவிடுகிறான். மின்சாரத்தைத் தன் மேல் பாய்ச்சிக்கொண்டு அதிலிருந்து விடுபடுகிறான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஏதோ இருக்கிறது. கடைசிச் சண்டையில் கேய்னின் மூளையை வைத்த ராட்சத இயந்திரத்தை டிப்பெட் குழு ஸ்டாப் மோஷனில், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்து, அசைய வைத்திருக்கும் அழகை இன்றைக்கும் வாய் பிளந்து பார்க்கலாம். ஆனால் மர்ஃபிக்கு அந்தப் படத்தில் வேண்டியது என்று எதுவும் இல்லை. வருகிற எதிரியை அடிக்கிறான், அவ்வளவுதான். இசையிலும் அதே கதை. முதல் படத்துக்கு பேசில் போலிடோரிஸ் கொடுத்த இசையில் இரும்பும் இருக்கும், ஏக்கமும் இருக்கும். இதில் லெனார்ட் ரோசன்மன் அதை விட்டுவிட்டு, கோரஸ் குரல்களை 'ரோபோகாப்' என்று பாட வைத்திருக்கிறார். மர்ஃபி என்று சொல்லி முடிந்த கதை, ரோபோகாப் என்ற கோஷத்தில் வந்து நிற்கிறது.

மூன்றாம் பாகத்துக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. வெல்லர் வரவில்லை. அவருக்கு அளவெடுத்த கவசத்துக்குள் ராபர்ட் பர்க் கஷ்டப்பட்டு நடித்தார். படத்தை எடுத்த ஓரியன் நிறுவனம் திவாலானதால் 1991இல் எடுத்த படம் அமெரிக்காவில் 1993இல்தான் வந்தது. முதல் பாகத்துக்குத் தணிக்கைக் குழு முதலில் கொடுத்தது பெரியவர்களுக்கு மட்டுமான எக்ஸ் சான்றிதழ், பலமுறை வெட்டிய பிறகே அதற்கு ஒரு படி கீழான ஆர் கிடைத்தது. அதே கதையின் மூன்றாம் பாகம் சிறுவர்களைக் குறிவைத்து, அவர்களும் பார்க்கக்கூடிய பிஜி-13 ஆகிவிட்டது. நடுவில் பொம்மைகளும் கார்ட்டூன் தொடரும் வந்திருந்தன. பறக்கும் கருவி, நிஞ்ஜா ரோபோ, ஓசிபியின் இராட்சத ரோபோவான ஈடி-209ஐ நாய்க்குட்டி மாதிரி அடக்கிவிடும் சிறுமி. லூயிஸை வேறு கொன்றுவிட்டார்கள். வருத்தம் என்னவென்றால், அந்தக் கதையின் அடிப்படை வலுவானது. புது நகரம் கட்டுவதற்காக ஏழைகளை வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள், அதைச் செய்ய மறுத்து போலீஸ்காரர்கள் பேட்ஜைக் கழற்றிவைத்துவிட்டு மக்கள் பக்கம் போகிறார்கள். இதை வெர்ஹோவன் எடுத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதல் பாகம் அமெரிக்காவில் 5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, மூன்றாவது 1 கோடியைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றது.

'ஆக்‌ஷன் படத்துக்கு இரண்டாம் பாகம் என்றாலே இப்படித்தான், எதிர்பார்க்கக் கூடாது' என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அதை ஏற்க மாட்டேன். 1991இல் ஜேம்ஸ் கேமரூன் டெர்மினேட்டரின் இரண்டாம் பாகத்தை எடுத்தார். முதல் பாகத்தில் பயந்து ஓடிய சாராவுக்கு அந்த அனுபவம் என்ன செய்தது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். அவள் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடக்கிறாள், தாயாக இருப்பதையே மறந்து போராளியாக இறுகிப்போயிருக்கிறாள். சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான். ரசிகர்கள் கவசத்தையும் துப்பாக்கியையும்தான் கேட்கிறார்கள் என்று ரோபோகாப் ஸ்டுடியோ நினைத்தது. நாங்கள் கேட்டது மர்ஃபியை.

நியூமேயரும் மைனரும் எழுதி ஓரம்கட்டப்பட்ட அந்தக் கதை 1994இல் ரோபோகாப் டிவி தொடரின் முதல் அத்தியாயமாக வந்தது. குறைந்த செலவு, ரத்தமில்லாத சண்டை, வெல்லர் இல்லை, சிறுவர்களுக்கான தொனி. குறை சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அதில் மர்ஃபியின் மனைவி தொடர்ந்து வருகிறாள், மகன் ஜிம்மி வருகிறான், அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பக்கத்திலேயே மர்ஃபி இருக்கிறான். இரண்டாம் பாகம் பேசியிருக்க வேண்டியது அந்தக் குடும்பத்தைத்தான்.