தூக்கத்தையும் ரோஸ்டரில் எழுதுங்கள்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்கார அக்கா ஒருத்தர் கேட்டார்: "கொரோனா போயி எத்தனை வருஷமாச்சு, இன்னுமா உனக்குத் தூக்கம் வரல?" அக்கறையில் கேட்டதுதான். பந்தியில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். 2021 மே மாதம் முழுக்க கொரோனா வார்டில் நைட் பார்த்தேன். படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் மானிட்டரில் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு பீப் வரும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய அந்த பீப்பின் சுருதியும் இறங்கிக்கொண்டே போகும். திரையைப் பார்க்காதவருக்கும் தெரிய வேண்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு ஒருவருக்கு ஐ.வி. போடும்போதே, பின்னால் யாருக்கு சாச்சுரேஷன், அதாவது ரத்த ஆக்ஸிஜன் அளவு, இறங்குகிறது என்று காது சொல்லிவிடும். அந்தக் காதை வார்டிலேயே விட்டுவிட்டு வர முடியவில்லை. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் ஓடி முடிந்ததும் இறங்குமுகமாக ஒரு மெட்டுப் போடும். இன்றைக்கும் அதைக் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கை தலைமாட்டில் மாஸ்க்கைத் தேடும்.

கவச உடையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு மறக்காதது லாட்ஜ் அறை. முதல் அலையின்போது ஒரு வாரம் வார்டு, அடுத்த வாரம் லாட்ஜில் தனிமை. "ஒரு வாரம் நல்லா ரெஸ்ட் எடு" என்றார்கள். ஏசி இருந்தது, சாப்பாடு கதவுக்கு வந்தது. பொட்டுத் தூக்கம் வரவில்லை. உடம்பு கெஞ்சும், மனசு காவல் நிற்கும். தொண்டை லேசாகக் கரகரத்தால் போதும், 'வந்துவிட்டதோ' என்று விடிய விடிய எச்சில் விழுங்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை. பையனுக்கு அப்போது நாலு வயது. வீடியோ காலில் என் முகத்தைத் தொட்டுத் தொட்டு, தெரியாமல் போனைக் கட் பண்ணிவிடுவான். திரும்ப அவன் அப்பா கூப்பிடுவதற்குள் நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

2020 ஏப்ரல் 19 இரவு சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். அடக்கம் செய்யப் போன ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். கடைசியில் அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர் நள்ளிரவில் மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளிப் புதைத்தார். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தரும் படுக்கவில்லை. நோய்க்குப் பயந்து விழித்திருந்தது வேறு, இது வேறு. 'நமக்கு ஏதாவது ஆனால் ஆறடி மண் தர மாட்டார்கள்' என்பது நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. மூன்றே நாளில், மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆம்புலன்ஸின் உடைந்த கண்ணாடி மனசை விட்டுப் போகவில்லை.

சீனாவில் தொற்று தொடங்கிய நேரத்தில் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவப் பணியாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள், நூற்றுக்கு 34 பேருக்குத் தூக்கமின்மை. நர்ஸ்களுக்கும், பெண்களுக்கும், நோயாளிகளை நேரடியாகப் பார்த்தவர்களுக்கும் பாதிப்பு கூடுதல். அதைப் படித்த அன்று அழுதேன். அதுவரை எனக்கு மட்டும்தான் தைரியம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு என்ன கிடைத்தது? கைதட்டினார்கள், ஹெலிகாப்டரில் இருந்து பூத் தூவினார்கள், யோகா வகுப்பு வைத்தார்கள், கவுன்சலிங் எண் கொடுத்தார்கள். கவுன்சலிங்கைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே உதவியிருக்கிறது. இதைப் படிக்கும் யாருக்காவது தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், தயங்காமல் கூப்பிடுங்கள். ஆனால் தொடர்ந்து ஆறு நைட் போட்டுவிட்டு, ஏழாம் நாள் மதியமே ட்யூட்டிக்கு வரச் சொல்லும் ரோஸ்டரை, அந்தப் பணி அட்டவணையை, எந்த மூச்சுப் பயிற்சி சரிசெய்யும்? பகல் தூக்கத்துக்கு உடம்பே எதிரி. கண்ணில் வெளிச்சம் பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு அடங்கிவிடும். நைட் முடித்துக் காலை வெயிலில் பஸ் ஜன்னலோரம் வரும்போதே பாதித் தூக்கம் கலைந்துவிடுகிறது.

இது எங்கள் சொந்தக் கஷ்டம் மட்டும் என்று நினைக்காதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை நிதானமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997-லேயே சோதித்துச் சொன்னார்கள். நம் நாட்டில் 0.03 தாண்டினால் வண்டி ஓட்டக் கூடாது. ஊசி மட்டும் போடலாமா?

ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு, 14-ம் பெட்டுக்கு எடுத்த இன்சுலினோடு 17-ம் பெட் முன்னால் நின்றேன். "எனக்குச் சுகர் இல்லையே பாப்பா" என்றார் அந்த அம்மா. அவர் முழித்திருந்தார், அதனால் தப்பித்தோம். தூங்கிக்கொண்டிருந்திருந்தால்? நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது இது. இதுதான் என்னை இன்றைக்கும் எழுப்புகிறது, மானிட்டர் சத்தத்தைவிட.

பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசின் நெறிமுறை இருக்கிறது. எங்கள் வார்டில் மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் பி.ஜி. டாக்டர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆள் எடுக்காமல் நேரத்தைக் குறைக்க முடியாது, அதுதான் உண்மை. எடுத்த ஆளையாவது வைத்துக்கொண்டோமா? கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களை 2022 டிசம்பர் 31-ஓடு போகச் சொன்னது தமிழ்நாடு அரசு. என்னோடு நைட் பார்த்த பிள்ளைகள் அதில் இருந்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. நைட் முடிந்தால் முழு நாள் ஓய்வு. அடுத்த தொற்று வரும்போது, வென்டிலேட்டரும் ஆக்ஸிஜனும் கணக்குப் போடும் அதே தாளில் எங்கள் ஓய்வு நேரத்தையும் கணக்குப் போட வேண்டும்.

இப்போது எங்கள் வார்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் கொரோனா காலத்தில் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வார்டு அடங்கியிருந்தால் இரண்டரை மணி வாக்கில் ஒருத்தியை இருபது நிமிடம் படுக்கச் சொல்லிவிட்டு, அவளுடைய பெட்களையும் நானே பார்த்துக்கொள்கிறேன். எழுந்து வந்து மருந்துச் சீட்டை ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை படித்துவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எந்த விதியிலும் இந்த இருபது நிமிடம் இல்லை. எழுதி வைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன்.