சுண்ணாம்பு அடித்தால் மானம் போய்விடுமா?

முந்தாநாளிலிருந்து நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அந்தக் குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "கடன் வாங்கிக் கல்லூரியில் சேர்த்தது சுண்ணாம்பு அடிக்கவா?" என்று ஒரு தந்தை கத்துகிறார். முகாமை நடத்திய பேராசிரியர் மறுமுனையில் மன்னிப்புக் கேட்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதற்கு மன்னிப்பு? நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு பழைய தொகுப்பு வீட்டைச் செப்பனிட்டு வெள்ளையடித்தார்கள். இதில் யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

என் அப்பா வெள்ளையடிப்பவர். பொங்கலுக்கு முன் மார்கழி முழுக்க அவருக்கு வேலை இருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் துணியில் வடிகட்டி, பசையும் சிறிது நீலமும் கலப்பார். பழைய பூச்சைச் சுரண்டாமல் மேலே அடித்தால் ஒரே மழையில் உரிந்துவிடும் என்பார். முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் மட்டையைத் தொடுவார். அப்படியும் விரலிடுக்குகள் வெந்து வெடித்திருக்கும். ரசம் பட்டால் எரியும் என்று கரண்டியால் சோறு தின்ற நாட்கள் உண்டு. அந்தக் கை சம்பாதித்த பணத்தில்தான் நான் பட்டம் வாங்கினேன். சுண்ணாம்பு அடிப்பது இழிவு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுடத்தான் செய்யும்.

படிப்பு கெடுகிறதாம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் முகாம். இதில் எந்தப் படிப்பு கெட்டது? 1969-இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் இத்திட்டத்தைத் தொடங்கியதே படிக்கிற பிள்ளைகள் ஊருக்குள் இறங்கி வேலை செய்யத்தான்.

'இது அரசு செய்ய வேண்டியது' என்கிறீர்களா? ஆமாம், செய்ய வேண்டும். குடிசையில் இருப்பவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் என்ற அரசு வீட்டுத் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாய் கிடைக்கிறது. இந்த வீட்டுக்குக் கான்கிரீட் தளம் இருக்கிறது, ஆகவே இது குடிசை இல்லை. ஆனால் அந்தத் தளத்தில் கம்பி துருத்திக்கொண்டிருக்கிறது, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது. பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டத்தில் அவர்கள் முறை வரும்வரை பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டுமா? கொத்தனார் கலவை கேட்டபோது சட்டி சுமந்தார்கள். பிறகு சுரண்டினார்கள், அடித்தார்கள். புகைப்படத்துக்காகச் செய்தார்கள் என்பவர்களுக்கு ஒன்று: வீட்டுக்காரர்களைக் கேட்காமல் படம் எடுத்திருந்தால் அது தவறுதான். சுவர் வெள்ளையானது பொய்யா?

திரும்பவும் சொல்கிறேன், சுண்ணாம்பு அடிப்பது இழிவில்லை. இது அந்தத் தந்தைக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். போன ஆண்டு இதே கல்லூரிப் பிள்ளைகள் கோயில் மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அன்று எந்தப் பெற்றோரும் கத்தவில்லை. பெருமையாகப் படம் பகிர்ந்தார்கள். அதே சுண்ணாம்பு, அதே மட்டை. தெரு மட்டும்தான் வேறு.

பதிவின் கடைசியில் குரலைத் தாழ்த்தி அவர் கேட்கிறாரே, "மத்தியானம் அந்த வீட்டிலேயா சாப்பிட்டான்?" என்று, அதை ஏன் ஒருவரும் பேசவில்லை? பெற்றவர்களின் ஆதங்கம், விட்டுவிடுங்கள் என்று எனக்குப் புத்தி சொல்ல வருகிறீர்கள். சோறு போட்ட அந்த அம்மாவின் காதுக்கும் இந்தப் பதிவு போயிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அவருடைய ஆதங்கத்தை யாரிடம் சொல்வார்?

பேராசிரியர் ஐயா, அந்த மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். உள்ளறை சுரண்டியபடியே கிடக்கிறது. மன்னிப்புக் கேட்பதென்றால், பாதி வேலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனதற்காக அந்த அம்மாவிடம் போய்க் கேளுங்கள்.