பாய்லர் அறையில் ஸாண்டர்

பள்ளி மாணவி பஃபி தன் நண்பர்களோடு ரத்தக்காட்டேரிகளையும் அரக்கர்களையும் வேட்டையாடும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’. அதன் ‘த ஸெப்போ’ எபிசோடைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் பாராட்டுகிறார்கள். தொடர் தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறது என்பதை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கேலியோடு நிறுத்திவிட்டால் எபிசோடின் சிறந்த பாதியைத் தவறவிட்டுவிடுவோம். கதை முழுவதையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

மூன்றாவது சீசனின் பதின்மூன்றாவது எபிசோடு இது. 1999 ஜனவரி 26 அன்று ஒளிபரப்பானது. டான் வெபர் எழுதி, ஜேம்ஸ் விட்மோர் ஜூனியர் இயக்கியது. பஃபிக்கு அமானுஷ்ய பலம், வில்லோவுக்கு மந்திரம், ஆஸ் ஓநாய் மனிதன், ஜைல்ஸிடம் ஒரு நூலகமே இருக்கிறது. நிகோலஸ் பிரெண்டன் நடித்த ஸாண்டரிடம் இருப்பது நகைச்சுவை மட்டும்தான். தொடக்கத்திலேயே அரக்கிகளுடன் நடக்கும் சண்டையில் அவன் அடிபட்டுக் கிடக்கிறான். இனி நீ கொஞ்சம் ஒதுங்கியே இரு என்று பஃபி அக்கறையோடுதான் சொல்கிறாள். அக்கறையாக வருவதால்தான் அது வலிக்கிறது. அடுத்து முன்னாள் காதலி கார்டீலியா வந்து, இந்தக் கூட்டத்தின் ஸெப்போ நீதான் என்று குத்துகிறாள். பழைய அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்களில் இளையவர் ஸெப்போ. அண்ணன்மார் மூவர் அரங்கை அதிரவைக்கும்போது அடக்கமாக ஓரத்தில் நின்றவர், 1933க்குப் பிறகு நடிப்பை விட்டு விலகியவர். அண்ணன் குரோச்சோ உடல்நலமின்றிப் படுத்தபோது அவருடைய இடத்தில் மேடையேறிச் சமாளித்தவரும் இதே ஸெப்போதான். கார்டீலியா சொல்லாமல் விட்ட அந்தப் பாதியைத்தான் எபிசோடு சொல்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அன்றிரவு பள்ளிக்கு அடியில் இருக்கிற, அரக்கர் உலகின் வாசலான நரகவாய் திறக்கப்போகிறது, உலகம் அழியப்போகிறது. வழக்கமாக அதுதான் கதை. இங்கே அது கதவிடுக்கு வழியாகத் தெரிகிற சங்கதியாகிவிடுகிறது. கேமரா ஸாண்டரின் பின்னாலேயே போகிறது. மாமாவின் பழைய காரைக் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பியவன், ஜாக் ஓ’டூல் என்ற கத்திக்காரப் பையனிடம் மாட்டிக்கொள்கிறான். ஜாக் ஏற்கெனவே ஒரு முறை செத்து எழுந்தவன். செத்துப்போன கூட்டாளிகளைக் கல்லறையிலிருந்து ஒவ்வொருவராக எழுப்புகிறான். அவர்களில் ஒருவன் எழுந்ததும், தான் செத்துக் கிடந்த மாதங்களில் தனக்குப் பிடித்த தொலைக்காட்சித் தொடரை யாராவது பதிவுசெய்து வைத்தீர்களா என்றுதான் கேட்கிறான்.

ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பஃபியும் அவள் காதலிக்கும் ரத்தக்காட்டேரி ஏஞ்சலும் கண்ணீரும் கம்பலையுமாக விடைபெறுகிறார்கள். வயலின்கள் உச்சத்தில் அழுகின்றன. உதவி கேட்டு ஸாண்டர் உள்ளே நுழைகிறான், இசை சட்டென்று நின்றுவிடுகிறது. இருவர் முகத்தையும் பார்க்கிறான், சமயம் சரியில்லை என்று புரிந்துகொண்டு நகர்ந்துவிடுகிறான். அவன் போனதும் அதே இசை விட்ட இடத்திலிருந்து மீண்டும் எழுகிறது. இரண்டு சீசன்களாக நாம் உருகிப் பார்த்த காதலை, அந்த இசை சொந்தமில்லாத ஒருவன் நின்ற இடத்திலிருந்து முதல் முறையாகப் பார்க்கிறோம்.

இனி பாய்லர் அறைக்கு வருகிறேன். ஜாக்கின் கூட்டம் பள்ளியின் அடித்தளத்தில் வெடிகுண்டு வைத்திருக்கிறது. நேர் மேலே நண்பர்கள் அரக்கிகளோடு போராடுகிறார்கள். குண்டு வெடித்தால் அத்தனை பேரும் காலி. ஸாண்டருக்கு அதைச் செயலிழக்கவைக்கத் தெரியாது, ஜாக்கை அடித்து வீழ்த்தவும் முடியாது. வினாடிகள் குறைகின்றன. அவன் கதவை மறித்து நின்றுகொண்டு பேசுகிறான். ஜாக், நான்தான் செத்தவனாயிற்றே, எனக்கென்ன பயம் என்கிறான். எழுந்து நடமாடி நண்பர்களோடு குடித்துக் கும்மாளமிடுகிற சாவு வேறு, துப்புரவுத் தொழிலாளி துடைப்பத்தால் கூட்டியள்ளுகிற சாவு வேறு என்று விளக்குகிறான் ஸாண்டர். நீ மட்டும் தயாரா என்று கேட்கிறான் ஜாக். எனக்கு அமைதி பிடிக்கும் என்ற பொருளில் ஸாண்டர் மிக மெதுவாக ஒரு பதில் சொல்கிறான். கடைசி வினாடிகளில் ஜாக்கே கை நடுங்கக் குண்டை நிறுத்துகிறான்.

இந்த இடத்தில் சோம்பேறியான எழுத்தாளர் ஸாண்டருக்குத் திடீர் வீரத்தையோ மறைந்திருந்த சக்தியையோ கொடுத்திருப்பார். இங்கே அவனுக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. வாயாடிப் பையனின் வாய்தான் ஆயுதம். இத்தனை நாள் பயத்தை மறைக்கப் பேசியவன், இப்போது பயமில்லாமல் பேசுகிறான். பிரெண்டன் அந்தக் காட்சியில் குரலையும் உயர்த்தவில்லை, புருவத்தையும் உயர்த்தவில்லை. சிரிப்பு நடிகர்களுக்கு அசையாமல் நிற்கிற வாய்ப்பு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த இரண்டு நிமிடமே சாட்சி.

குறையில்லாமல் இல்லை. கார்டீலியாவின் கோபத்துக்கு நியாயம் உண்டு. அவளுக்குத் தெரியாமல் வில்லோவை முத்தமிட்டவன் இவன். அதைக் கண்ட அதிர்ச்சியில் விழுந்து கம்பி குத்தி மருத்துவமனையில் கிடந்தவள் அவள். எபிசோடு அதை அடியோடு மறந்து அவளை வெறும் வம்புக்காரியாக நிறுத்துவது அநியாயம். பஃபியைப் போலவே வேட்டைக்காரியான ஃபெய்த் அவனைப் படுக்கைக்கு இழுத்துவிட்டு, முடிந்ததும் அரைகுறை ஆடையோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதும் சிரிப்புக்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொன்று, பள்ளியில் குண்டு வைப்பதை இவ்வளவு விளையாட்டாகக் காட்ட அந்த ஜனவரியில்தான் முடிந்திருக்கும். ஏப்ரலில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்தபின், பள்ளி வன்முறையைத் தொட்ட இதே தொடரின் ‘இயர்ஷாட்’ எபிசோடைத் தொலைக்காட்சி நிறுவனம் பல மாதங்கள் தள்ளிவைத்தது.

மறுநாள் காலை மற்றவர்கள் உலகம் பிழைத்த கதையைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஸாண்டர் தன் இரவைப் பற்றி வாயே திறப்பதில்லை. கார்டீலியா மறுபடி சீண்டுகிறாள், இவன் புன்னகைத்துவிட்டுப் போகிறான். அவன் சொல்லிவிடமாட்டானா என்று எனக்குப் பதைத்தது, சொல்லாததில் பெருமையாகவும் இருந்தது. 2002இல் ஆறாவது சீசன் முடிவில், உலகையே எரிக்கத் துணிந்த வில்லோவின் முன் வெறுங்கையோடு நின்று பேசியே அவளைத் தடுக்கிறவன் இவன்தான். அந்தக் காட்சியைக் கொண்டாடுகிறவர்கள் அதன் ஒத்திகை பாய்லர் அறையிலேயே நடந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதிலிருந்து தொடங்காதீர்கள். இரண்டாவது சீசனிலிருந்தாவது வரிசையாகப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏஞ்சலுக்காக ஒரு முறையாவது கலங்கியிருந்தால்தான், அந்த வயலின் இசை நடுவில் அறுந்துபோவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது தெரியும்.