சுரத்தை கிளிக் செய்தேன், கல்லுளிமங்கன் மாதிரி இருந்தது

ராத்திரி பதினோரு மணி. காலையில் பாடகர் குழு ஒத்திகை, அதற்குள் நாற்பது பிரதி எடுத்தாக வேண்டும். கடைசியாக ஒரு பார்வை பார்க்கலாம் என்று பிடிஎஃப்பைத் திறந்தால், டெனார் (ஆண்களின் மேல் குரல்) வரியில் 23-ஆம் பாரில் ஒரு சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதோடு விட்டதா? பின்னால் வந்தவை அத்தனையும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டன.

லிலிபாண்ட் பழகியவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். பழகாதவர்களுக்கு: இசையை எழுத்துகளாகத் தட்டிக் கொடுத்தால் ஸ்டாஃப் நொட்டேஷனாக அச்சுக் கோத்துத் தரும் இலவச மென்பொருள் அது. 1996-இல் தொடங்கியது. நான்கு குரல், ஐந்து சரணம், தமிழ் வரிகள் எல்லாவற்றையும் அழகாகவே போடும். ஆனால் சார்பு முறையில் எழுதினால், ஒவ்வொரு சுரமும் தனக்கு முந்தைய சுரத்துக்கு எந்த ஸ்தாயி பக்கமோ அங்கே போய் நிற்கும். கீழே இறக்க ஒரு கமா போட வேண்டிய இடத்தில் அது விட்டுப்போனால், மீதிப் பாட்டு முழுக்க மாடியில்தான்.

சரி, ஒரே ஒரு கமா. 900 வரிக் கோப்பில் அதை எங்கே தேடுவது? அதற்குத்தான் பாயின்ட் அண்ட் கிளிக் என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். பிடிஎஃப்பில் ஒவ்வொரு சுரத்தின் மீதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பை லிலிபாண்ட் ஒட்டி வைக்கிறது. ‘டெக்ஸ்ட்எடிட்’ என்று தொடங்கும் முகவரி. அதற்குள் கோப்பின் முழுப் பாதை, வரி எண், வரியில் எத்தனையாவது எழுத்து எல்லாம் இருக்கும். சுரத்தைத் தொட்டால் எடிட்டரில் கர்சர் அந்த எழுத்திலேயே போய் நிற்க வேண்டும்.

தொட்டேன். ஒன்றும் இல்லை. மறுபடி தொட்டேன். ஒன்றும் இல்லை. பிழைச் செய்தி கிடையாது, ‘திறக்க முடியவில்லை’ என்ற ஒரு வார்த்தை கிடையாது. திட்டினால்கூடப் பரவாயில்லை, எங்கே தப்பு என்றாவது தெரியும்.

போன மாதம் வரை இது வேலை செய்தது. நடுவில் லினக்ஸைப் புதுப்பித்துத் தொலைத்தேன், அவ்வளவுதான். கையேட்டைத் திறந்தேன். அந்த முகவரி வந்தால் யாரிடம் கொடுப்பது என்று டெஸ்க்டாப்புக்கு ஒரு சின்னக் கோப்பு எழுதிச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். கட்டளை தட்டும் டெர்மினலில் சோதித்தேன், எடிட்டர் திறந்தது. அப்பாடா என்று பிடிஎஃப்பில் போய்த் தொட்டால், அதே மௌனம்.

அரை மணி நேரம் கழித்து சிஸ்டம் பதிவேட்டைத் தோண்டினால் அங்கே நிற்கிறது நந்தி: ஆப்ஆர்மர் என்ற லினக்ஸ் பாதுகாப்பு நிரல். பிடிஎஃப் காட்டியிலிருந்து தெரியாத நிரல் எதையும் ஓட விடமாட்டேன் என்று காவல் காக்கிறதாம். நல்லதுதான், ஊர் பேர் தெரியாத பிடிஎஃப்களை நாமும் திறக்கத்தானே செய்கிறோம். ஆனால் தடுத்தேன் என்று என்னிடம் சொல்லக் கூடாதா? பதிவேட்டில் ரகசியமாக எழுதி வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது என்ன பழக்கம்? விதிக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். நந்தி விலகியது.

தொட்டேன். எடிட்டர் திறந்தது. எந்த எடிட்டர்? நான் வாழ்நாளில் கேட்காத ஏதோ ஒன்று. என் எடிட்டரான எமாக்ஸைத் திற என்று சூழல் மாறியில் (நிரல்கள் பார்த்துக்கொள்ளும் ஓர் அமைப்பு) எழுதித்தான் வைத்திருக்கிறேன், ஆனால் அது டெர்மினலில் ஓடும் ஷெல்லின் கோப்பில் இருக்கிறது. ஐகானைச் சொடுக்கித் திறந்த பிடிஎஃப் காட்டி அந்தக் கோப்பை எங்கே படித்தது? டெர்மினலில் எல்லாம் சரியாக நடந்ததன் மர்மம் அப்போதுதான் விளங்கியது. அதையும் சரிசெய்தால், வெளியிலிருந்து கூப்பிட்டால் காது கொடுக்கும் எமாக்ஸ் சர்வரைத் தொடங்கவில்லையாம். மணி பன்னிரண்டரை.

இதேபோல் எழுத்தைத் தட்டிப் பக்கம் கோக்கும் லாடெக்கில் கட்டுரை எழுதுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அவர்களுக்கு சிங்க்டெக் இருக்கிறது. பக்கத்திலிருந்து எழுத்துக்கும் போகலாம், எழுத்திலிருந்து பக்கத்துக்கும் போகலாம். எனக்கு ஒருவழிப் பாதை, அதிலும் நான்கு இடத்தில் பள்ளம். ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். லிலிபாண்ட் இணைப்பைக் கொடுத்துவிட்டது, காட்டி கைமாற்றிவிட்டது, காவல்காரன் காவல் காத்தான், எமாக்ஸ் கூப்பிட்டால் வரும். நடுவில் விழுந்து கிடக்கிறவனை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

‘லிலிபாண்டுக்கென்றே இருக்கிற ஃப்ரெஸ்கோபால்டி எடிட்டரைப் போட்டுக்கொள்ளேன், எல்லாம் உள்ளேயே இருக்கிறதே’ என்று சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும். நல்ல மென்பொருள்தான். ஆனால் பதினைந்து வருடமாக எமாக்ஸில் ஊறிய விரல்கள் இவை. குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் வீட்டை மாற்றச் சொல்லாதீர்கள்.

கமா கிடைத்தது, 412-ஆம் வரி. சேர்த்தேன், ஓட்டினேன், பிடிஎஃப்பை எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

காலையில் ஒத்திகையில் டெனார்க்காரர் ஒருவர், கணினி வேலை பார்ப்பவர், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “அண்ணே, இந்தச் சுரத்து மேலே மவுஸை வெச்சா ஏதோ எழுத்து வருதே, என்னது?” குனிந்து பார்த்தேன். என் கணினியின் முழுப் பாதை. எனக்கு அத்தனை பாடு படுத்திய அதே இணைப்பு, அவருடைய திரையில் பளிச்சென்று. பிறருக்கு அனுப்பும் முன் இந்த இணைப்புகளை அணைத்துவிடு, உன் கணினியின் பாதை வெளியே தெரியும் என்று அதே கையேட்டில் எச்சரித்திருக்கிறார்கள். ஒரே ஒரு வரிக் கட்டளைதான். நான்தான் விட்டுவிட்டேன்.

கோப்பை வைத்திருந்த ஃபோல்டரின் பெயர் ‘டெனார்-தொல்லை’.