லோ பீம் தான் சார்

சனிக்கிழமை நைட்டு நடந்தத அன்னிக்கே நாலு வரி எழுதிட்டேன், திரும்ப முழுசா சொல்லப் போறதில்ல. எதிர்ல வந்தவரோட லைட் கண்ணுல அடிச்சுது, தூரத்துக்கு அடிக்கற ஹை பீம்ல வர்றாரு, ரோட்டப் பாத்து இறங்கற லோ பீமுக்கு மாத்தட்டும்னு ரெண்டு தடவ லைட் அடிச்சு காமிச்சேன், அவரு வண்டிய நிறுத்தி இறங்கி வந்து "லோ பீம் தான் சார் இது, வேணும்னா வந்து பாருங்க"ன்னாரு. போய் பாத்தேன். லோ பீம் தான். டேஷ்போர்டுல ஹை பீமுக்கு வர்ற அந்த நீலச் சின்னம் எரியல. மனுசன் பொய் சொல்லல. நான் தான் சாரி சொல்லிட்டு வந்தேன், அந்த சாரி மூணு நாளா தொண்டையிலயே நிக்குது.

ஏன்னா ஹாலஜனுக்குன்னு (இழை சூடாகி எரியற பழைய பல்பு) செஞ்ச லைட்டுல எல்இடி பல்ப மாட்டுனா லோ பீம்லயே அந்த அடி அடிக்குதுங்கறது தானய்யா பிரச்சனையே!

அந்தப் பதிவுக்கு வந்த கமெண்டுகள பாத்துட்டு தான் இத எழுதறேன். பாதி பேரு "எனக்கும் இதே கதை தான்"னு சொல்லியிருக்கீங்க, நன்றி. மீதி பேரு "நைட்ல ஓட்டத் தெரியாதவங்க ஏன் வண்டிய எடுக்கறீங்க", "கண்ணாடிய மாத்துங்க அங்கிள்". ஒருத்தர் வார்த்தையே இல்லாம சிரிப்பு ஸ்மைலி மட்டும் ஏழு போட்டிருக்காரு. ஏழுன்னு எண்ணிப் பாத்தேன், அந்த லெவல்ல கடுப்புல இருந்தேன்.

சொல்ல வர்றது ஒன்னே ஒன்னு தாங்க. பல்பு வேற, லைட் வேற. நீங்க மாத்துனது பல்ப. லைட்டுங்கறது பல்பு, பின்னாடி இருக்கற ரிஃப்ளெக்டர், முன்னாடி இருக்கற கண்ணாடி எல்லாம் சேந்த ஒரு செட்டு. நம்பலைன்னா ஹை பீம், லோ பீம் ரெண்டும் ஒரே பல்புல வர்ற ஹெச்4ங்கற ஹாலஜன் பல்ப கழட்டி கையில வெச்சு பாருங்க (கண்ணாடிப் பக்கம் விரல் படாம, பட்டா அந்த எண்ணெய்ப் பிசுக்குலயே சூடாகி சீக்கிரம் போயிரும்). உள்ள ரெண்டு இழை இருக்கும், ஹை பீமுக்கு 60 வாட்ஸ், லோ பீமுக்கு 55 வாட்ஸ். லோ பீம் இழைக்கு அடியில மட்டும் குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு. அந்தக் கரண்டி தான் எதிர்ல வர்றவனோட கண்ண காப்பாத்துது. வெளிச்சம் ரிஃப்ளெக்டரோட கீழ்ப் பாதிக்கு போகாம அது மறைச்சிரும், மேல்ப் பாதியில மட்டும் பட்டு ரோட்டப் பாத்து இறங்கும். செவுத்துக்கு நேரா நிறுத்தி லோ பீம் போட்டீங்கன்னா கோடு கிழிச்ச மாதிரி மேல இருட்டு, கீழ வெளிச்சம். ஓரத்துப் பக்கம் மட்டும் அந்தக் கோடு கொஞ்சம் மேல ஏறும், நடந்து போற ஆளும் போர்டும் தெரியணுமேன்னு. இவ்வளவு யோசிச்சு எவனோ ஒருத்தன் டிசைன் பண்ணியிருக்கான், இழை எந்த இடத்துல உக்காரணும்னு மில்லிமீட்டர் கணக்குல.

அதுல கொண்டு போய் எல்இடிய சொருகறீங்க. இழை சுத்தி எல்லாப் பக்கமும் எரியற சாமான். எல்இடி பல்புல நடுவுல ஒரு தகடு, அதுக்கு ரெண்டு பக்கமும் சிப்பு. அதே இடம் கிடையாது, அதே சைஸ் கிடையாது. ரிஃப்ளெக்டருக்கு என்ன தெரியும் பாவம், வந்த வெளிச்சத்த அதுக்குத் தெரிஞ்ச ஒரே கணக்குல திருப்பி விடுது, கொஞ்சம் ரோட்டுக்கு, மிச்சம் என் மூஞ்சிக்கு. அட்டையில 20,000 லூமன்னு (வெளிச்சத்தோட அளவு) கொட்டை எழுத்துல போட்டிருக்கும், ஒரிஜினல் ஹெச்4 லோ பீம் சுமாரா 1000 லூமன் தாங்க. அட்டையில பொய் எவ்வளவுங்கறது அவங்கவங்க மனசாட்சிக்கு விட்டுருவோம்.

என்னமோ நான் யோக்கியன் மாதிரி பேசறேன்னு நெனைக்காதீங்க, நானும் போட்டவன் தான். மொத நாள் நைட்டு சீட்ல உக்காந்து ஆன் பண்ணப்போ வந்த சந்தோசம் இருக்கே, வீட்டுக்குள்ள போக மனசில்லாம தெருவ ரெண்டு ரவுண்டு சும்மா சுத்துனேன். ரெண்டு வாரம் கழிச்சு மச்சான் வண்டிய வாங்கிட்டுப் போனான். அன்னிக்கு நைட்டு நான் பைக்ல வர்றேன், வளைவுல எதிர்ல ஒரு வெள்ளை வெடிச்சுது பாருங்க, ரோடு எங்க முடியுது, மண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. கால ஊனி ஓரமா நின்னுட்டு வாய்க்கு வந்தபடி திட்டறேன், அவன் அப்பன் ஆத்தா வரைக்கும் போயிட்டேன். தாண்டிப் போறப்ப பாத்தா பின் கதவுல அந்த நசுங்கல். என் வண்டி! மச்சான் உள்ள இருந்து சிரிச்சுட்டு கை வேற ஆட்டறான். மறுநாள் காலைல பழைய ஹாலஜனே திரும்ப ஏறிருச்சு. உள்ள உக்காந்திருக்கறவனுக்கு இது எந்த ஜென்மத்துலயும் தெரியாதுங்க, அதான் சனிக்கிழமை அவரும் அவ்வளவு நம்பிக்கையா "வந்து பாருங்க"ன்னாரு.

"ரோட்ல லைட்டே இல்ல, எனக்கு ஒன்னும் தெரியலைன்னா என்ன பண்றது"ன்னு கேட்டவங்களுக்கு. நியாயமான கேள்வி, சத்தியமா. ஆனா பல்புல கை வெக்கறதுக்கு முன்னாடி லைட் கண்ணாடி மஞ்சளாகி மங்கியிருக்கான்னு பாத்தீங்களா? அத பாலிஷ் போட்டாலே பாதி வியாதி போயிரும். வயரிங்ல வோல்டேஜ் இறங்குதான்னு மீட்டர் வெச்சு பாத்தீங்களா? ஹாலஜனுக்கு 10 சதவீதம் வோல்டேஜ் குறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் கிட்ட குறையும், நல்ல கனமான வயரா போட்டு ரிலே (பேட்டரியில இருந்து நேரா கரண்ட் விடற சுவிட்ச்) வெச்சீங்கன்னா அதே பல்பு எந்திரிச்சு நிக்கும். விண்ட்ஷீல்ட உள்பக்கம் எப்ப தொடைச்சீங்க? அப்புறம் அந்த வெள்ளை வெளிச்சத்துல "நல்லா தெரியுது"ங்கறீங்களே, தெரியறது வண்டிக்கு முன்னாடி பத்து மீட்டர். கிட்ட அவ்வளவு பளிச்சுன்னு இருந்தா கண்ணு அதுக்குப் பழகி தூரத்துல நிக்கற ஆளு இன்னும் இருட்டுக்குள்ள போயிருவான்.

"கம்பெனி வண்டியிலயே எல்இடி வருதே"ன்னா, வருது, அந்த ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அந்த எல்இடிக்குன்னே செஞ்சது. அதுலயும் உசரமான வண்டிங்க கண்ணுல அடிக்குது, ஒத்துக்கறேன், அது தனிப் பஞ்சாயத்து. ஜெர்மனியில ஹாலஜன் லைட்டுக்கு மாத்தற எல்இடிக்கே அனுமதி இருக்குன்னு ஒரு தம்பி லிங்க் போட்டாரு. இருக்கு தம்பி, 2020ல இருந்து இருக்கு. எந்த வண்டி மாடலுக்கு எந்த பல்புன்னு லிஸ்ட் போட்டு, அந்த மாடல்ல டெஸ்ட் பண்ணி குடுக்கறாங்க. நான் சொன்னதையே தான அவங்களும் சொல்றாங்க, பல்பு வேற லைட் வேறன்னு?

"எல்லாரும் ஹை பீம்ல வர்றான், நான் மட்டும் ஏன்" கோஷ்டிக்கு பதில் இல்ல. போங்க.

இப்ப அந்தக் கண்ணாடி அங்கிள் விசயம். எனக்கு 42 ஆகுது, கண்ணு போன மாசம் தான் செக் பண்ணேன், பிரச்சனையில்ல. ஆனா பிரச்சனை இருந்தாத்தான் என்னங்க? 60 வயசுக் கண்ணுக்குள்ள போற வெளிச்சம் 20 வயசுல போனதுல மூணுல ஒரு பங்கு தான். கண்ணு பாப்பா சுருங்கிரும், லென்ஸ் மங்கும், உள்ள போற வெளிச்சமும் சிதறும், ஒரு தடவ கண்ணுல அடிச்சா மறுபடி இருட்டு பழக இளவட்டத்த விட அதிக நேரம் ஆகும். 60 கிலோமீட்டர் ஸ்பீடுல செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல போறோம், மூணு செகண்டு கண்ணு கட்டுனா 50 மீட்டர் குருட்டு ஓட்டம். அதுக்கு உங்க பதில் ஏழு ஸ்மைலி.

எங்கப்பா முப்பது வருசத்துக்கு மேல ஓட்டுனவரு. ஒரு கீறல் கிடையாது. போன வருசத்துல இருந்து நைட்ல எடுக்கறதில்ல. ஏன்னு சொல்லவும் மாட்டாரு, கல்யாண வீட்டுல சாப்பாட்டுக்கு இருங்கன்னா "இருட்டறதுக்குள்ள போயிடறேன்"னு கெளம்பிருவாரு. அம்மா தான் ஒரு நாள் சொன்னாங்க, எதிர்ல வெள்ளை லைட் வந்தா அப்படியே ஸ்லோ பண்ணி ஓரங்கட்டி நின்னுடறாராம், பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சு திட்டிட்டுப் போறானாம், இவரு ஒன்னும் சொல்லாம ஸ்டியரிங்க புடிச்சுட்டு உக்காந்திருப்பாராம். அவருகிட்டயும் போய் சொல்லுங்க, கண்ணாடிய மாத்துங்க அங்கிள்னு. ஒருத்தன் ஜாலியா ரெண்டு பல்பு மாத்துவான், அதுக்காக ஒரு மனுசன் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குள்ள அடைஞ்சுக்கணும், அப்படித்தான?

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன். நான் கழட்டுன அந்த ஜோடி இன்னும் டிக்கியில தான் கெடக்கு. வித்துருன்னு மச்சான் சொல்றான். வாங்கறவன் மாட்டிட்டு எங்கப்பாவுக்கு எதிர்ல தான் வருவான்னு தோணுது, அதனால விக்கல.

கமெண்ட் ஓப்பனா தான் இருக்கு, திட்டறவங்க தாராளமா திட்டலாம். அங்கிள்னு ஆரம்பிச்சா மட்டும் பதில் வராது.