குருகு பார்த்தது ஆரல் மீனை

புதிதாகச் சிறுகதை எழுதும் நண்பர்கள் சிலர் தங்கள் கதைகளை வாசிக்கச் சொல்லி அனுப்புவதுண்டு. அந்தக் கதைகளில் யாராவது இறந்தால் விளக்கு அணைகிறது. காதலர் பிரிந்தால் மழை கொட்டுகிறது. மனம் உடைந்தால் கையிலிருக்கும் கண்ணாடித் தம்ளரும் தவறாமல் உடைகிறது. உணர்ச்சியை நேரே சொல்லாமல் ஒரு பொருளின் வழியே உணர்த்த வேண்டும் என்ற பாடத்தை இவர்கள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். ஆனால், கதைக்குள் வரும் பொருளுக்கு அதன் சொந்த வேலை ஒன்று இருக்க வேண்டும் என்பதை யாரும் இவர்களுக்குச் சொல்லவில்லை போலும். எனக்கு அதைச் சொல்லித் தந்தது கபிலர் பாடிய, குறுந்தொகையின் 25ஆம் பாடல்.

"யாரும் இல்லை, தானே கள்வன்,
தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ?
தினைத்தாள் அன்ன சிறு பசுங்கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே."

களவில் கூடிய தலைவன், ஊரறிய மணக்க வராமல் காலம் கடத்துகிறான். தலைவி தோழியிடம் பேசுகிறாள். அன்று வேறு யாரும் இல்லை, இருந்தவன் அந்தக் கள்வன் மட்டுமே, அவனே பொய்த்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்டவள், சட்டென்று ஏதோ நினைவு வந்தவளாக, ஒரு குருகும் இருந்தது என்கிறாள். அந்தக் குருகு இவர்களைப் பார்க்கவில்லை, ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கே இருந்த ஒரே சாட்சி, தன் பசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பறவை. "பார்க்கும்" என்ற சொல்லைக் கபிலர் அதற்குத்தான் கொடுத்திருக்கிறார். குருகு ஒருமுறை இவர்கள் பக்கம் தலையைத் திருப்பியிருந்தால்கூடப் பாட்டு கெட்டிருக்கும்.

அதன் சிறிய பசுங்கால்கள் தினைப்பயிரின் தாளைப் போல் இருந்தன என்ற உவமையை நெடுநாள் வெறும் அணி என்றே நினைத்திருந்தேன். நாணத்தால் தலை குனிந்திருந்தவளுக்குப் பறவையில் முதலில் தெரிந்தது கால்தானே என்று இப்போது தோன்றுகிறது. இது என் வாசிப்பு மட்டுமே. இன்னொன்றும் உண்டு. இது மலைநிலத்தைச் சேர்ந்த குறிஞ்சித் திணைப் பாடல், குருகோ நீர்ப்பறவை. பிற நிலத்துப் பூவும் புள்ளும் வந்து சேர்ந்தால் வந்த நிலத்துக்கே உரியவை ஆகும் என்று தொல்காப்பியம் இடம் கொடுக்கிறது என்றாலும், கபிலர் அந்தச் சலுகையோடு நின்றுவிடாமல் பறவையின் காலிலேயே மலைநிலத்துத் தினையை நட்டுவிடுகிறார்.

"தான் மணந்த ஞான்றே", அதாவது அவன் என்னைக் கூடிய அன்று, என்பது கடைசியில் வருவதையும் கவனிக்க வேண்டும். அது முதலில் வந்திருந்தால் பாட்டு ஒரு முறையீடாக நின்றிருக்கும். இப்போதோ, வாய்விட்டுச் சொல்லக் கூசியது எல்லாவற்றுக்கும் பிறகு தானாக வெளியே வந்துவிடுகிறது.

நண்பர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் பெரிதாக இல்லை. அப்பாவின் சாவை வைத்து நான் எழுதிய கதையின் முதல் வடிவத்தில் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. உண்மையில் எங்கள் வீட்டில் எந்தக் கடிகாரமும் நிற்கவில்லை. அன்று காலை நடந்தது வேறு. இரண்டு நாள் வராமலிருந்த தண்ணீர் லாரி தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. அப்பாவைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்களில் நான்கைந்து பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மெதுவாக எழுந்து, குடங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக் குடம் இரண்டையும் அவர்களே நிரப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். கதையை எழுதும்போது இதைச் சொல்வது அப்பாவுக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைத்து விட்டிருந்தேன். மூன்றாவது திருத்தத்தில்தான் கடிகாரத்தை எடுத்துவிட்டு லாரியை உள்ளே விட்டேன்.